பன்னிரண்டு மில்லிமீட்டர்

அவளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, இப்போது நீங்கள் நிற்கிற இடத்தில்தான். அவள் தம்பி இம்மானுவேலின் ஜீப் அங்கே நின்றது. முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைக்கூட மூடாமல், மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே, "ஏங்க, அந்தப் பையனைத் திட்டாதீங்க, பாவம்" என்றாள். கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு, புருஷனிடம் சொல்லிவிட்டுப் போக வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பையன் என்பது தயானந்த். உங்களை இங்கே அனுப்பினானே, அதே சைக்கிள் கடைக்காரன் தயானந்த்தான்.

சைக்கிளைப் பாருங்கள். பார்க்கலாம். தொட வேண்டாம். ஏறி உட்காரவே கூடாது. உட்கார்ந்து பார்க்காமல் எப்படி வாங்குவது என்று கேட்கிறீர்கள். விற்கிறேன் என்று நான் யாரிடம் சொன்னேன்? "அருமைநாயகம் அங்கிள் வீட்டில் ஒரு வண்டி சும்மா நிற்கிறது, போய்க் கேளுங்கள்" என்று அவன் சொல்லியிருப்பான். சும்மா நிற்கிறதாம். அவன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி. சரி, வந்துவிட்டீர்கள். கோத்தகிரிக்கு மலையேறி வந்த மனுஷனை வாசலோடு அனுப்பக் கூடாது. அந்த ஸ்டூலில் உட்காருங்கள். சுவரில் சாயாதீர்கள், சுண்ணாம்பு ஒட்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை. ஒன்றைப் பிரித்தால் திரும்பப் பூட்டத் தெரியும், அவ்வளவுதான். என் மனைவி சுகிர்தா இங்கே பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அவள் விசிலுக்கு ஓடியவர்கள். கல்லூரியில் படிக்கும்போது சைக்கிள் பந்தயத்தில் மாநில அளவுக்குப் போயிருக்கிறாள். கல்யாணத்தோடு அது நின்றது. நான் நிறுத்தவில்லை, நின்றது.

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு நோட்டீஸோடு வந்தாள். எஸ்டேட் பாதைகளில் மலைச் சைக்கிள் பந்தயம், பிப்ரவரியில். ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு.

"எத்தனை பேர் வருவாங்க?" என்றேன்.

"போன வருஷம் மூணு பேராம். வந்து நின்னாலே மெடல்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?"

"நின்னு வாங்கறதுக்கு நான் என்ன கொடிக்கம்பமா? ரெண்டு பேரைத் தோக்கடிச்சு வாங்கணுங்க. நீங்கதான் வண்டி கட்டித் தரணும்."

கட்டித் தந்தேன். இதோ நிற்கிறதே, இதில் கடையில் பூட்டிய போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. ஃபிரேமை மட்டும் தயானந்த் கடையில் எடுத்தேன், பின் ஷாக் அப்சார்பரும் அவனிடம்தான். அதுதான் நான் செய்த தப்பு. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி வரவழைத்தது. எஸ்டேட் பாதை கல்லும் வேருமாக இருக்கும். முன்னாலும் பின்னாலும் ஷாக் இல்லாவிட்டால் அந்த வயது முதுகு தாங்காது. ஷாக் வைத்தால் எடை ஏறும். ஏறிய எடையை ஏற்றத்தில் அவள் கால்தான் தூக்க வேண்டும். ஷாக்கும் வேண்டும், எடையும் கூடாது. வேலையே அதுதான்.

அவள் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நிறுக்க ஒரு சின்னத் தராசு வைத்திருந்தாள். கிராம் கணக்கில் காட்டும். அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் நிறுத்தேன். இரும்பைக் கழற்றி டைட்டானியம் போட்டேன். ட்யூபைத் தூக்கிப்போட்டுவிட்டு டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றினேன், ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும். கேபிள் நுனியில் நாலு விரல்கடை மிச்சமிருந்தால் அதையும் நறுக்கினேன். முதலில் பூட்டி நிறுத்தியபோது பன்னிரண்டரைக் கிலோ. நான் விட்டபோது பத்தே முக்கால். இந்த மலையில் யாரிடமாவது இப்படி ஒரு வண்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தயானந்திடமே கேளுங்கள். அவன் வாயால் சொல்லட்டும்.

ஜூனில் ஓட்ட ஆரம்பித்தாள். முதல் மாதம் புலி மாதிரி ஓட்டினாள். ஜூலை முடிவில், மேல் எஸ்டேட் ஏற்றத்தில், அந்தச் சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். கால் வரவில்லை என்றாள். முன்பக்கப் பல்சக்கரம் பெரிது என்று புரிந்தது. முப்பத்து நாலு பல்லைக் கழற்றி முப்பது போட்டேன். மறு வாரம் அதே பாலத்தில் இறங்கினாள். சக்கரம் கனம். சக்கரத்தை மாற்றினேன். முதுகு இழுக்கிறது என்றாள். ஹேண்டில் எட்ட இருக்கிறது என்று அதைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மைக் குட்டையாக்கினேன். வயிற்றில் மேல்பக்கம் பிடிக்கிறது என்றாள். குனிந்து ஓட்டினால் பிடிக்கத்தான் செய்யும், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தினேன். சீட்டில் எலும்பு குத்துகிறது என்றாள். இருந்ததைக் கழற்றிவிட்டு மெத்தென்று ஒரு சீட்டு போட்டேன். அதில் எழுபது கிராம் கூடியது. அந்த எழுபதைப் பெடலில் குறைத்தேன்.

அவள் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னால், அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் அது வண்டியில் சரியாகியிருக்கும். எந்தப் புருஷன் இதைச் செய்வான்? நீங்கள் செய்வீர்களா? தலையாட்டாதீர்கள். செய்ய மாட்டீர்கள்.

இப்போது ஷாக்குக்கு வருகிறேன். தகராறே அதில்தான்.

இந்த ஷாக்குக்குள் இருப்பது வெறும் காற்று. ஓட்டுகிற ஆளின் எடைக்குத் தகுந்தபடி காற்று அடைக்க வேண்டும். சரியாக அடைத்திருந்தால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் ஓர் அளவுக்கு அமுங்கும். இந்த வண்டிக்கு அது பன்னிரண்டு மில்லிமீட்டர். கூடினால் ஏற்றத்தில் தொட்டில் ஆடும், குறைந்தால் கல்லில் தூக்கிப்போடும். அளப்பதற்கு ஷாக்கின் தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. குனிந்து பாருங்கள், தெரியும். கையை நீட்டாதீர்கள். அந்த வளையத்தை மேலே ஒட்டி வைத்துவிட்டு, ஆளை மெதுவாக உட்காரச் சொல்ல வேண்டும். ஹெல்மெட், ஷூ, முதுகில் தண்ணீர்ப்பை, எல்லாம் மாட்டிக்கொண்டு. ஷாக் அமுங்கும்போது வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும். ஆள் இறங்கினால் ஷாக் எழும்பிவிடும். வளையம் மட்டும் போன இடத்திலேயே நிற்கும்.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தபோது அவள் ஐம்பத்தாறு கிலோ. அதற்குக் காற்று அடைத்தேன். ஜூனில் பன்னிரண்டு, மயிரிழை பிசகவில்லை. ஆகஸ்டில் பார்க்கிறேன், பதினொன்று. பம்பை மாட்டிக் காற்றைப் பார்த்தேன், காற்று அதே அளவுதான். காற்று அதே, வண்டி அதே, அமுங்குவது மட்டும் குறைகிறது. அப்படியென்றால் உள்ளே காற்றை அடைக்கிற ரப்பர் சீல் காய்ந்து தண்டைப் பிடிக்கிறது. வேறென்ன இருக்க முடியும்? பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்துப் பூட்டினேன். செப்டம்பரில் பத்தரை.

"எடை அதேதானே?" என்று அவளைக் கேட்டேன்.

"அதே அம்பத்தாறுதாங்க. பொண்டாட்டிகிட்ட வாரா வாரம் எடை கேக்கற ஒரே ஆம்பளை நீங்கதான்."

கேட்டேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேட்காமல் இருக்கவில்லை.

கொஞ்சம் காற்றை இறக்கினால் பன்னிரண்டு வந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றும். வரும். குறையை உள்ளே வைத்துக்கொண்டு அளவை மட்டும் சரிக்கட்டுவது ஃபிட்டர் வேலையா? தொழிற்சாலையில் அப்படிச் செய்தவன் விரலை இழந்திருக்கிறான். குறை எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்க வேண்டும். நான் அங்கேதான் பார்த்தேன்.

ஷாக்கைக் கழற்றி தயானந்துக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறீர்கள் அல்லவா அவன் கடையை? சைக்கிளுக்கு இணையாகக் காபி மெஷின் வைத்திருக்கிறான். இஞ்சினியரிங் படித்தவன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுப் போன் பண்ணினான்.

"அங்கிள், ஷாக் பக்காவா இருக்கு. நான் எல்லா டெஸ்ட்டும் பண்ணிட்டேன். நீங்க ஒரு தடவை ரைடரை வெயிட் பாருங்களேன்."

ரைடராம். அவளுக்குப் பெயர் இல்லையா?

"என் வீட்டு மனுஷியை எடை போடச் சொல்ல நீ யாருடா?"

"அய்யோ அங்கிள், நான் தப்பா ஒண்ணும்..."

"வித்த பொருள் மட்டம்னு ஒத்துக்க. அதை விட்டுட்டு ஆள்மேல பழி போடாத. அவ என்ன உருளைக்கிழங்கு மூட்டையா, ஏத்தி நிறுக்க?"

பக்கத்து அறையிலிருந்து சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க அந்தப் பையனை இப்படி வறுக்கறீங்க?" என்று வந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். வாங்கிய இடத்தில் நியாயம் கேட்டால் என் பக்கம் நிற்க மாட்டாள்.

திரும்பி வந்த ஷாக்கை மாட்டினேன். பத்தரைகூட இல்லை. மறுபடி கழற்றி மறுபடி அனுப்பினேன். இந்த முறை துணியில் சுற்றி, சீல் மாற்றாமல் திருப்பி அனுப்பினால் உன் கடை வாசலில் வந்து உட்காருவேன் என்று போனில் சொல்லிவிட்டேன். அக்டோபர் கடைசியில் வந்தது. மாட்டினேன். காற்றை முதல் நாள் அடைத்த அதே அளவுக்கு அடைத்தேன். கூப்பிட்டேன்.

உள்ளே நேரமெடுத்து வந்தாள். மழைக்கோட்டுக்கு மேல் தண்ணீர்ப்பை, ஹெல்மெட், ஷூ. அந்தத் துணி காயப்போடுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு, நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, ஏறினாள்.

"மெதுவா, மெதுவா."

"மெதுவாத்தானே ஏர்றேன். இதுக்கு மேல மெதுவான்னா படம் புடிச்சுத்தான் மாட்டணும்."

உட்கார்ந்தாள். "நீங்க போய் டீயை இறக்குங்க, பொங்குது" என்றாள். போய் இறக்கிவிட்டு வந்தேன். இறங்கி, பையை உள்ளே வைத்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வேர்வை. நான் குனிந்து வளையத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டு.

கத்திவிட்டேன். அவளும் சிரித்தாள். "இனிமே சண்டை இல்லையே?" என்றாள்.

சண்டை இல்லாமல்? உடனே தயானந்துக்குப் போன் போட்டேன். "ஒண்ணுமே இல்ல, பக்காவா இருக்குன்ன. இப்ப மட்டும் எப்படிடா பன்னண்டு வந்துச்சு? திருட்டுத்தனமா சீல் மாத்திட்டு மாத்தலைன்னு சொல்ற, அதானே?"

"சரி அங்கிள். ஆன்ட்டி நல்லா இருக்காங்களா?" என்றான்.

"பேச்சை மாத்தாத" என்று வைத்துவிட்டேன்.

நவம்பரில் இம்மானுவேல் வந்தான். வந்தவன் காபிகூடக் குடிக்கவில்லை. "அக்கா, கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?" என்றான். மூடுபனி வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும். அதையும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். மறுநாள் ஜீப்போடு நின்றான்.

நானும் வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றைக்குப் பார்த்து பிரேக் தட்டு வர வேண்டியிருந்தது. இருந்ததைவிட மெல்லிசு, வண்டி அதோடு முழுசாகிவிடும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கூரியர்காரன் குன்னூருக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவான். பிறகு அவனைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். "நீங்க இருங்க, டெஸ்ட்தானே" என்று அவளே சொன்னாள். அவளே சொன்னாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பையனைத் திட்டாதீங்க என்றது.

தட்டு வந்தது. பூட்டினேன். அன்று ராத்திரி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தது. படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள், கணையத்தில் ஏதோ இருக்கிறது, ஈரல் வரை போயிருக்கிறது என்று இம்மானுவேல் போனில் சொன்னான். குன்னூர் வழியாகப் போகலாம் என்றால் அங்கேயும் மரம் விழுந்து கிடந்தது. ரோட்டைத் திறந்து நான் போய்ச் சேர்ந்தபோது, ரத்தம் கட்டி நுரையீரலில் அடைத்துவிட்டது, முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு மழை பெய்தால் ரோட்டை இரண்டு நாள் திறக்கத் துப்பில்லாத ஊர் இது. எழுதிப்போட்டேன், பதில் இல்லை.

அடக்கத்துக்கு தயானந்த் வந்தான். யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. கல்லறை வாசலில் நின்று அழுதான். கடைக்காரன் வாடிக்கையாளர் சாவுக்கு இப்படி அழுவானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து சொன்னான்.

"ஆன்ட்டி அக்டோபர்ல எனக்குப் போன் பண்ணாங்க அங்கிள். 'தம்பி, நான் இப்ப நாப்பத்தொன்பதுதான் இருக்கேன். பன்னண்டு வரணும்னா எவ்வளவு கூட்டணும்'னு கேட்டாங்க. நானும் லூசு மாதிரி கணக்குப் போட்டு ஏழு கிலோன்னு சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போங்கன்னு கெஞ்சினேன் அங்கிள். பந்தயம் முடியட்டும், அவர்கிட்ட சொல்லிறாத, சொன்னா வண்டியைக் கழட்டிப் போட்ருவாருன்னாங்க."

யோசித்துப் பாருங்கள். என் மனைவியின் எடை என்னைவிட ஒரு கடைக்காரனுக்கு முதலில் தெரிந்திருக்கிறது. அவன் அதை வைத்துக்கொண்டு ஆன்ட்டி நல்லா இருக்காங்களா என்று என்னையே கேட்கிறான். அன்றைக்கு நாலு பேர் பிடிக்காவிட்டால் அவன் மலை இறங்கியிருக்க மாட்டான்.

அப்போதும் எனக்கு அந்த ஏழு கிலோ புரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து புது பி.டி. டீச்சர் வந்தாள். சின்னப் பெண். கேட் ஓரமாக நின்றுகொண்டு இழுத்து இழுத்துப் பேசினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டோர்ல ரெண்டு ஷாட்புட் குறையுது. நாலு கிலோ குண்டு ஒண்ணு, மூணு கிலோ ஒண்ணு. மிஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்கன்னு வாட்ச்மேன் சொல்றார்."

"இருபத்தெட்டு வருஷம் அந்த ஸ்கூலுக்கு உழைச்சவளைத் திருடின்னு சொல்ல வந்தியா?" என்று கேட்டேன். அழுதுகொண்டே போனாள்.

உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் அந்தத் தண்ணீர்ப்பை கீழே கிடந்தது. ஆணி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. தண்ணீர்ப்பை அப்படி ஆணியைப் பிடுங்காது. ஜிப்பைத் திறந்தேன். இரண்டு குண்டும் ஒரு துண்டில் சுற்றி இருந்தன, ஒன்றோடொன்று உரசிச் சத்தம் வராமல் இருக்க. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பள்ளிச் சொத்து.

அவளும் தயானந்தும் சேர்ந்து ஓர் அளவைப் பொய்யாக்கியிருக்கிறார்கள். என் தராசு, என் பம்பு, என் கண் எல்லாவற்றையும் முட்டாளாக்கிவிட்டு. அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டாள். இவனுக்கு வாய் இல்லையா? உங்கள் வீட்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை. ரைடரை வெயிட் பாருங்கள் என்றால் யாருக்குப் புரியும்? நீங்களே சொல்லுங்கள், புரியுமா? சீல் கொஞ்சம் பிடித்ததும் உண்மைதான். அதை நான் இன்றைக்கும் சொல்வேன். இரண்டும் இருந்திருக்கலாம்.

யாருக்கு வாங்க வந்தீர்கள்? மனைவிக்கா. சரி, அவர் என்ன எடை? "ஐம்பத்தைந்து இருக்கும்" என்கிறீர்கள். இருக்கும் என்றால்? எப்போது பார்த்தீர்கள்? போன வருஷமா? இன்றைக்கு என்ன எடை? காலையில் என்ன சாப்பிட்டார், தட்டில் எவ்வளவு வைத்தார், பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். வண்டி வாங்க மலையேறி வரத் தெரிகிறது, வீட்டில் இருக்கிறவள் எடை தெரியவில்லை. இந்த லட்சணத்தில் எத்தனை ஷாக் வாங்கி என்ன பிரயோஜனம்? எழுந்திருங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.

அவனிடம் போய்ச் சொல்லுங்கள், அங்கிள் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று. மாதா மாதம் போன் பண்ணுகிறான், நான் எடுப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள். திட்டாதீர்கள் என்று அவள் சொன்னதால் எடுப்பதில்லை. எடுத்தால் திட்டிவிடுவேன்.

இந்தப் பக்கமாக வாருங்கள், பெடலில் கால் படும். உட்காரக் கூடாது என்று சொன்னேன் அல்லவா. நீங்கள் ஒரு எழுபத்தைந்து கிலோ இருப்பீர்கள். உட்கார்ந்தால் அந்த வளையம் நகர்ந்துவிடும்.

டயருக்குள் ஊற்றிய திரவம் காய்ந்துபோய், இரண்டு டயரும் எப்போதோ தரையோடு படிந்துவிட்டன. ஷாக்கில் அன்றைக்கு அடைத்த காற்று அப்படியே இருக்கிறது. தினம் காலையில் சீட்டில் ஒரு விரலை வைத்து அமுக்கிப் பார்க்கிறேன். இம்மிகூட இறங்கவில்லை.